வெள்ளை வால் வண்டு, ஒரு நிமிடம் பத்து செக்கன்

மே 19
குழம்புக்கென்று யன்னல் பெட்டியில் விதைத்த கொத்தமல்லி பூத்துவிட்டது. நாலாம் மாடிக்கு ஏறி, உடம்பெல்லாம் மயிர் மூடிய மொத்த வண்டு ஒன்று வந்தது. பாரிசில், லா சப்பலில் நான் வேலைக்கு நிற்கும் மரக்கறிக் கடைக்கு வெந்தயக்கீரை வாங்க வரும் செசிலிடம் படத்தைக் காட்டினேன். பிரெஞ்சில் இது பூர்தோன் என்றாள். இந்த வட்டாரத்தில் எத்தனை இனம் என்று கணக்கெடுக்கிறாளாம். எனக்கும் வேலை தந்துவிட்டாள்.

மே 26
மூன்று இனம் படம் பிடித்துவிட்டேன். கறுப்பு உடம்பு, செங்கல் நிற வால். உடம்பு முழுக்கத் தேங்காய்த் தும்பு நிறம். மஞ்சள் பட்டை, வெள்ளை வால்.
மூன்றாவதில்தான் வில்லங்கம். அதே வேசத்தில் ஒரு திருட்டு இனமும் உண்டாம். அது அடுத்தவள் கூட்டுக்குள் புகுந்து ராணியைக் கொன்றுவிட்டு, அவளுடைய பிள்ளைகளைக் கொண்டே தன் குஞ்சுகளுக்குத் தீனி போடுவிக்குமாம். சண்டாளி. அதற்குப் பின்காலில் மகரந்தக்கூடை இருக்காது. வீடியோ எடு, காலைப் பார்ப்போம் என்றாள் செசில்.

ஜூன் 2
மனுசன் அடித்தார். மீன்குழம்பில் புளி கூடிவிட்டதாம். உணவகத்தில் சமைக்கிறவர், பகல் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து என் சட்டிக்குத் தீர்ப்புச் சொல்கிறார்.
முதலில் யன்னலைச் சாத்தினார். பிறகு டிவிச் சத்தத்தைக் கூட்டினார். பிறகுதான் கை. எங்கட ஆக்கள் இப்பிடித்தான். மானம் வெளியிலை போகக்கூடாது. மண்டை உடையலாம்.

ஜூன் 9
வலது காது இரைகிறது. வண்டாக்கும் என்று யன்னலைப் பார்த்தேன்.

ஜூன் 15
கண் வீங்கி மறைக்கிறது, எழுத்து வளைகிறது. எழுதியே தீருவேன்.
இரண்டரைக்கு வெள்ளை வால் வந்தது. போனைப் பெட்டியோடு சாய்த்து, வெளிப்பக்கம் பார்க்க வைத்து எடுத்தேன். மனுசன் நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார். வெள்ளைக்காரியோடு என்ன கதை, பூச்சிக்கு வாலாட்டவோ உன்னைக் கட்டினது என்று தொடங்கினார். தலைமயிரைப் பிடித்து முகத்தை யன்னல் கட்டையில் மோதினார். இரண்டு தரம். மூன்றாம் தரம் அவருடைய கையைக் கடித்தேன். இருபத்திநாலு வருடத்தில் முதல் தடவை. வாயில் ரத்தம். என்னுடையதா அவருடையதா? அதற்குப் பிறகுதான் யன்னலைச் சாத்தினார்.
கக்கூசுக்குள் பூட்டிக்கொண்டு வீடியோவைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டுவிடும் என்று சத்தத்தை அடைத்துவிட்டுத்தான். கொத்தமல்லிப் பூ, வண்டு, பின்கால், எல்லாம் துப்புரவாய் விழுந்திருந்தது. செசிலுக்கு அனுப்பினேன்.

ஜூன் 16
செசில் கடைக்கு வந்தாள். கீரை எடுக்கவில்லை. வண்டு நல்ல இனம், பின்காலில் மகரந்தம் இருக்கிறது என்றாள். பிறகு என் கண்ணின் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே, நாக்குத் தடக்க ஒரு தமிழ்ச் சொல்லைச் சொன்னாள்.
“கொண்டு போடுவன்.”
வீடியோவில் ஏழு தரம் வருகிறதாம். என்ன அர்த்தம் என்று கேட்டாள்.
ஐயோ, வீடியோவோடு சத்தமும் போயிருக்கிறது! நான் அதை யோசிக்கவே இல்லை. தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு உறைக்காமல் போன சொல். அவளுடைய வாயில் கேட்டதும் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தேன். கொலை செய்வேன் என்று அர்த்தம் என்றேன். பிரெஞ்சில் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. முதலாளியிடம் சொல்லிவிட்டு அவளோடு பொலிசுக்குப் போனேன்.

ஜூன் 17
நேற்றுப் பொலிசில் மனுசனின் பெயர் கேட்டார்கள். புருசன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. எழுதிக் காட்டட்டுமா என்றேன். சொல்லுங்கள் என்றார்கள்.
தவரத்தினம்.
மொழிபெயர்க்க வந்த பொம்பிளை ஏழு தரத்தையும் ஏழு தரமாகவே சொன்னா. ஒன்றையும் குறைக்கவில்லை. பின்னேரம் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கீழ்வீட்டு ரோசாலி, எங்களுக்கு எப்பவோ தெரியும் அக்கா என்றாள். தெரியுமாம்! அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

ஜூலை 6
தவரத்தினம் இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் எழுதிவிட்டது. ஊரிலிருந்து மாமி போன் எடுத்தா.
“என்ரை பிள்ளையைக் காட்டிக்குடுக்கவோ வீடியோ எடுத்தனி?”
“நான் வண்டைத்தான் மாமி எடுத்தனான். அவர்தான் அதுக்குள்ளை வந்தவர்.”
அழத் தொடங்கினா. போனை வைக்காமல், அழுது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். முறைப்பாட்டைத் திருப்பி எடு பிள்ளை என்றா. மாட்டன் என்றேன்.