கடைசி பஸ்ஸில் சொன்ன முடிவு

அப்பா, நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரை போடுகிறாளா?

நான் ஆறாவது படிக்கும்போது, அரியலூரில் பழைய இந்திப் படம் பார்த்தோமே, வெளிநாட்டுப் போரில் வைத்தியம் பார்க்கப் போன டாக்டரைப் பற்றி. முடிவதற்குள் எழுந்து செந்துறைக் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.

"அப்புறம் என்னாச்சுப்பா?"

"ஊருக்கு வந்துட்டாரும்மா. நீ தூங்கு."

அதை நம்பித்தான் நர்சானேன், இந்த நாட்டுக்கும் வந்தேன். நேற்று அறையில் தனியாக முழுப்படமும் பார்த்தேன். அவர் அங்கேயே செத்துப்போனார். டாக்டருக்காவது படம் எடுத்தார்கள். நான் செத்தால் ஏஜென்ட் வேறொருத்தியை அனுப்புவான்.

குண்டு விழுந்ததில் வார்டு ஜன்னல் உடைந்தது, எனக்கு ஒன்றுமில்லை. இங்கே வேறு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் வந்திருக்கும் வளர்மதி அக்காவிடம் கறிவேப்பிலைப் பொடி கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் போதும், சேர்ந்து சாப்பிட இங்கே யாருமில்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
இளமதி

நான் ஊருக்கு வந்துவிடவா? தூங்கச் சொல்லாமல் பதில் சொல்லுங்கள்.