அக்கா வீட்டுக் கல்லுக்கால்

திங்கள்
வெயில் மண்டையப் பொளக்குது. ரேஷன்ல பருப்பு இல்ல, நாளைக்கு வரச் சொன்னாங்க.
பக்கத்துல, அதான் இவரோட அண்ணன் வீட்டுல, வேலி போடுறாங்க. கல்லுக்கால், கம்பி, ரெண்டு கதவு வெச்ச இரும்பு கேட். கல்லெல்லாம் வந்து கொல்லையில அடுக்கியாச்சு. இவரு வேலைக்கு லீவு போட்டுட்டு அங்க குழி தோண்டுறாரு. நம்ம வீட்டு முள்வேலி சாஞ்சு எத்தினி மாசம். கேட்டா "பாக்கலாம்". அண்ணி, அதான் நான் அக்கான்னு கூப்புடறவங்க, கூப்ட்டா மட்டும் ஓட்டம்.
"தம்பி கை பட்டாத்தான் நேரா நிக்குது"ன்னு அக்கா சிரிக்கிறாங்க. எனக்கு வயிறு எரியுது. எழுதிட்டேன், போ.

செவ்வாய்
மாவு புளிச்சுட்டுது.
எங்க தெருவுக்குப் பின்னாடி பழைய கோட்டை. அதுக்கு இவ்ளோ கிட்ட தொல்லியல் ஆபீசுல பர்மிஷன் வாங்காம கல்லு ஊனக்கூடாது. தெருவுக்கே தெரியும், யாரும் வாயத் தொறக்கறதில்ல. நான் தொறந்தேன். ஆபீசுக்கு போன். பேரு சொல்லல. கொல்லையில கல்லு இருக்கறதச் சொன்னேன்.

வியாழன்
தூறல். ஆபீசு ஆளு வந்து, யாரையும் கேக்காம நேரா கொல்லைக்குப் போயி கல்லப் பாத்தாரு, டேப் புடிச்சாரு. பர்மிஷன் வர்ற வரைக்கும் கல்லு கூடாது, வேணும்னா செடி வேலி வெச்சுக்குங்கன்னுட்டாரு. குழியெல்லாம் மூடணும். மத்தியானம் நல்லா சாப்ட்டேன்.
சாயங்காலம் இவரோட அண்ணன் வாசல்ல வந்து நின்னாரு. "கொல்லையில கல்லு இருக்குதுன்னு உன் வூட்டத் தவிர யாருக்குடா தெரியும்?"
இவருக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "அமாவாசைக்கு மலையனூர் வர்றேண்ணா. அங்காளம்மன் முன்னால சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன். நானும் சொல்லல, என் பொண்டாட்டியும் சொல்லல."
என்னை ஒரு வார்த்த கேக்கல. அவ்ளோ நம்பிக்கை. பொய்ச் சத்தியம்னா அணைச்ச கைய அம்மன் சும்மா விடமாட்டா.

வெள்ளி
ராத்திரி பூரா தூக்கமில்ல. சொல்லிடலாம்னு போனேன். இவரு அங்க குழி மூடிக்கிட்டு இருக்காரு, அக்கா மோர் கொண்டாந்து குடுக்கறாங்க. "உக்காந்து குடி தம்பி." திரும்பி வந்துட்டேன்.

அமாவாசை
பஸ் ஸ்டாண்டு. ஸ்பெஷல் பஸ்ல ஜனம் தொங்குது. அக்கா முன்னாடியே ஏறி, புருஷனுக்கும் இவருக்கும் துண்டு போட்டு சீட்டு புடிச்சிருந்தாங்க. இவரு படியில கால் வெக்கறப்ப சட்டையப் புடிச்சு இழுத்தேன்.
"போன் போட்டது நான்தான்."
கண்டக்டர் விசில்.
"அப்போ நான் சொல்லலன்னு என் பேருக்கு மட்டும் சூடம் அணைக்கிறேன்"னுட்டு ஏறிட்டாரு. அக்கா நகந்து இடம் குடுத்தாங்க.