கழற்றி வைத்த வாட்ச்

அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நல்லதை மட்டும் எழுதினால் இது வேறு யாரோ ஓர் அப்பாவுக்கு எழுதியதாகிவிடும்.

நேற்று இயற்பியல் சார் வகுப்புக்குள் வந்ததும் கையிலிருந்த வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பரீட்சை நெருங்குகிறது, நேரம் பார்த்துப் பாடத்தை முடிக்க வேண்டும் என்பதற்காக. வார் கொக்கியிலிருந்து விடுபடும் சின்னச் சத்தம் கேட்டது. அடுத்த நொடி நான் பெஞ்சுக்கு அடியில் இருந்தேன். இரண்டு கைகளாலும் தலையை மூடியிருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏட்டி, அங்கன என்ன தேடுத?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். பேனா விழுந்துவிட்டது என்றேன். பேனா என் கையில்தான் இருந்தது.

உங்கள் வாட்ச் மலிவானது. தினமும் சாவி கொடுக்க வேண்டியது. பழைய சாமான் கடையில் நீங்கள் வாங்கியபோதே அதன் முகம் மஞ்சளடித்துப் போயிருந்ததாம். ஆனால் சிவகிரி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த உங்களுக்கு அதுதான் உயிர். ஒரு நிமிஷம் தாமதித்துக் கிளம்பினால் அடுத்த பஸ்காரன் சட்டையைப் பிடிப்பான். அவன் தாமதித்தால் நீங்கள் பிடிப்பீர்கள்.

காலையில் என்னை மடியில் உட்கார்த்தி, சாவியைத் திருகச் சொல்வீர்கள். "மெதுவா முறுக்கு மக்கா. போதும்னு அதுவே சொல்லும். சொன்னா விட்டுரணும்." என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அது மெல்ல இறுகி, ஓரிடத்தில் நிற்கும். நான் விட்டுவிடுவேன். நீங்கள் என் உச்சியில் முத்தம் கொடுப்பீர்கள். அந்த நேரத்தில் உலகத்திலேயே மென்மையான கை உங்களுடையதுதான்.

ஓர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நான் உங்கள் பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பஸ் கண்டக்டர் உங்கள் நேரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். "என் டைமுல எப்படிலே ஏத்துவ?" என்று கேட்டுக்கொண்டே வாட்சைக் கழற்றி ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினீர்கள். "அண்ணாச்சி வாட்சக் கழட்டிட்டாருலே, விலகு விலகு," என்று யாரோ சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அது ஒரு பழமொழி மாதிரி. பிறகு அவருடைய தலைமயிரைப் பிடித்து முகத்தைப் பஸ் தகரத்தில் மோதினீர்கள். மறுபடியும் மோதினீர்கள். படிக்கட்டில் ரத்தம் சொட்டியது. அதில் வெள்ளையாக ஒரு பல் கிடந்தது. என் மூடிய கைக்குள் வாட்ச் துடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கர்சீப்பில் கையைத் துடைத்தீர்கள். "கீறல் எதுவும் விழலயே?" என்று கேட்டீர்கள். வாட்சைத்தான் கேட்டீர்கள்.

வீட்டிலும் அதே ஒழுங்குதான். முதலில் ஜன்னலைச் சாத்துவீர்கள். பிறகு வாட்ச். கர்சீப்பை மடித்து ஃப்ரிட்ஜ் மேல் விரித்து, முகம் மேலே பார்க்கும்படி வைப்பீர்கள். பிறகு அம்மா. குழம்பில் உப்பு கூடியிருக்கும், அல்லது யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள், அல்லது ஒன்றுமே இருக்காது. அவள் கூந்தலைக் கையில் சுற்றி நிலைப்படியில் இடிப்பீர்கள். குடம் உருண்டு தண்ணீர் என் பாடப்புத்தகம் வரை வரும். "போதுங்க, போதும்," என்பாள் அம்மா. அவளும் போதும் என்றுதான் சொன்னாள் அப்பா.

அவள் லைட்டை எரியவிட்டேதான் தூங்குவாள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "அவரு கை எங்கன இருக்குன்னு தெரியணும்லா," என்றாள்.

என்னை நீங்கள் அடித்தது ஒரே ஒரு நாள். கதைப்புத்தகத்தில் மூழ்கியிருந்தேன். நீங்கள் தண்ணீர் கேட்டது காதில் விழவில்லை. வாட்சைக் கழற்றிய சத்தமும் விழவில்லை. முதல் அடியில் காது அடைத்துக்கொண்டது. அடுத்த அடியில் உதடு கிழிந்தது. புத்தகத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு மறுபடியும் கையை ஓங்கினீர்கள். அப்போது அம்மா ஃப்ரிட்ஜ் மேலிருந்த வாட்சைக் கர்சீப்போடு எடுத்தாள். தரையில் வைத்தாள். இஞ்சி நசுக்கும் குழவியை இரு கைகளாலும் தூக்கி ஒரே போடாகப் போட்டாள்.

நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். பிறகு முட்டிபோட்டு உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். உங்கள் குரல் குழந்தையின் குரல் போல இருந்தது.

"ஏட்டி, அது உன்ன என்னட்டி பண்ணுச்சு?"

அம்மா குழவியைக் கீழே வைக்கவில்லை. என் உதட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "அதத்தான் நானும் கேக்குதேன்."

மறுநாளும் அதையே கட்டிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். ஓடாத வாட்ச். கோபம் வரும்போது உங்கள் வலது கை பழக்கத்தில் இடது மணிக்கட்டுக்குப் போகும். நொறுங்கிய கண்ணாடி விரலில் தட்டுப்படும். கை அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு தட்டுகள் சுவரில் பறந்தன, கதவை உதைத்து உடைத்தீர்கள். எங்கள்மேல் கை படவில்லை. வெட்கமா, வாட்ச் போன துக்கமா என்று உங்களிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வருவதற்குள், சிவகிரி டிரிப்பில் விசில் ஊதிவிட்டு, கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டீர்கள். நெஞ்சுவலி என்றார்கள். சட்டையோடு வாட்சையும் சுருட்டி எங்களிடம் கொடுத்தார்கள்.

வருஷ திதி வரப்போகிறது. உங்கள் தம்பி, என் சித்தப்பா, அதைச் சரிசெய்து என் கையில் கட்டிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். இன்று ரத வீதி வாட்ச் கடைக்கு அவரும் அம்மாவும் நானும் போனோம்.

கடைக்கார அண்ணாச்சி பின்மூடியைத் திறந்ததும் உங்கள் மணிக்கட்டின் வியர்வை வாசனை வந்தது. அதை இன்னும் முகர நான் மேசைமேல் அப்படியே குனிந்துவிட்டேன். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாவல்லா, அந்தக் கதைதான். கண்ணாடி, முள்ளு, உள்ள அச்சு எல்லாம் போச்சு. இதே மாதிரி இன்னொன்ன வாங்கிப் பிரிச்சு இதுக்குப் போடணும். அந்தக் காசுக்குப் புதுசு ரெண்டு வாங்கிரலாம்."

"எவ்வளவு ஆனாலும் பாருங்க," என்றார் சித்தப்பா. "பிள்ள இத கட்டிக்கிட்டுப் பரீச்சை எழுதணும். பஸ் ஸ்டாண்டு சண்டையில ஒடஞ்சது அண்ணாச்சி. எங்கண்ணன் சிங்கம்லா."

"சண்டையிலயா? கையில கெடந்து அடிபட்டா ஓரம் நெளியும். ஓரத்துல ஒரு கீறல் இல்ல. பூ மாதிரில்லா வச்சிருந்திருக்காரு. இத யாரோ தரையில வச்சு நச்சிருக்காவ."

"நாந்தான் நச்சுனேன்," என்றாள் அம்மா.

சித்தப்பா மேசைக் கண்ணாடியில் ஓங்கி அறைந்தார். குட்டித் திருகாணிகள் துள்ளி விழுந்தன. "மதினி, செத்தவன் பேரத் தெருவுல போட்டு நாறடிக்குதியளா?" மறுபடியும் கை உயர்ந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தேன். அவருடைய வாட்ச் கையில்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அம்மா நகரவில்லை. "அவரு என்ன அடிச்சதெல்லாம் ஆறிப் போச்சு தம்பி. காட்டச் சொன்னா ஒரு தழும்பு இல்ல. நான் திருப்பி அடிச்சது இது ஒண்ணுதான் கெடக்கு. இதையும் சரி பண்ணிட்டா எதுவும் நடக்கலன்னு ஆயிரும்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா ஒனக்குச் சாவி குடுக்கப் பழக்கிவிட்ட வாட்ச்சு. நீ சொல்லுட்டி. நீ சொன்னா நானே காசு தாரேன்."

உண்மையைச் சொல்கிறேன் அப்பா. எனக்கு ஆசையாக இருந்தது. அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தடவை காதில் வைத்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. விரல்களுக்கு நடுவில் அது இறுகி நிற்பதை அறிய வேண்டும் போல இருந்தது. உங்களுடைய நல்ல கை எனக்கு வேறெங்கே கிடைக்கும்? ஆனால் வழவழப்பான புதுக் கண்ணாடியையும் நினைத்துப் பார்த்தேன். அது என் கையில் இருந்தால், பார்க்கிறவர்களெல்லாம் சித்தப்பா சொன்ன சிங்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

"வேண்டாம் அண்ணாச்சி, மூடிருங்க," என்றேன்.

சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி மூடியை அழுத்தினார். "கண்ணாடித் துண்டையாவது எடுத்துரவா தாயி? கையக் கிழிச்சிரும்."

"கெடக்கட்டும்," என்றாள் அம்மா.

இப்போது அது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. பரீட்சைக்கும் எடுத்துப் போவேன். அது நேரம் காட்டாது. யார் கொக்கியைக் கழற்றினாலும் நான் குனிவேன் என்று நினைக்கிறேன். அது நீங்கள் கொடுத்தது. காலையில் கண் விழிக்கும்போது என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று மெல்லத் தேய்த்துக்கொள்கின்றன. அதுவும் நீங்கள் கொடுத்ததுதான்.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் பாயில் படுத்திருந்த அம்மா, "எழுதுனது போதும்ட்டி," என்கிறாள். போதும் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். நீங்கள் போன பிறகும் ஓர் இரவுகூட இருட்டில் படுக்காதவள், இன்று தானாகவே எழுந்து சுவரருகே போகிறாள். கடைசி வரியை ஜன்னல் வழியாக வரும் தெரு வெளிச்சத்தில் எழுதுகிறேன்: அம்மா லைட்டை அணைத்துவிட்டாள்.