பாடத்தான் கூப்பிடுகிறீர்களா

பிடோக், சிங்கப்பூர்
3 மார்ச் 2024

அன்புள்ள வைதேகி,

நலம்தானே. அழகேசனுக்கு நீ அனுப்பிய மாலை மண்டாய் தகனச்சாலைக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தது. அவன் மனைவி மங்களம் அதைத் தன் கையாலேயே வைத்தார். பேருந்து ஓட்டிவிட்டு வந்தவன், களைப்பாக இருக்கிறது என்று படுத்திருக்கிறான். அவ்வளவுதான். இதயம் என்றார்கள்.

ஃபோனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நீ என்னைவிட்டு அடிலெய்டுக்குப் போன பிறகு உன்னைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவன்தான். தேக்கா சந்தையில் டீ குடிக்கும்போது, நான் கேட்காமலேயே, "வைதேகி கார் ஓட்டப் பழகிட்டாங்களாம் லா" என்பான். நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இனி எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்த மாதம் அவனும் நானும் ஸ்டூடியோவுக்குப் போவதாக இருந்தோம். நீ பாடி நாங்கள் இருவரும் வாசித்த ப்ளூஸ் பாட்டுகளை ஒருவழியாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். ரத்து செய்துவிட்டேன். டிரம்ஸில் அவன் இல்லாமல் நான் என்ன வாசிப்பது? கிட்டார் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பிரபாகர்


அடிலெய்டு
19 மார்ச் 2024

அன்புள்ள பிரபாகருக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.

அழகேசன் எனக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "பிரெஷர் மாத்திரையை ஒழுங்காப் போட மாட்டேங்கிறான், நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்பார். நான் சொன்னால் கேட்பாரா என்றால், "நீங்க சொன்னீங்கன்னு நான் சொல்றேன் லா" என்பார். நான் சொல்லாத எத்தனை விஷயங்களை அப்படி உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தாரோ.

செய்தி வந்த அன்றும் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனேன். படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே நம் பாட்டு ஒன்றை முணுமுணுத்திருக்கிறேன். என்ன பாட்டு அது என்று கூட இருந்தவள் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. நான் பாட்டை விட்டு வெகு நாளாகிறது.

ஸ்டூடியோவுக்குப் போங்கள். அவர் பேரைச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவருக்கே பிடிக்காது. மாத்திரையும் போடுங்கள். இது நானே சொல்வது.

வைதேகி


பிடோக்
5 மே 2024

அன்புள்ள வைதேகி,

போனேன். ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஸ்டூடியோ. டிரம்ஸுக்கு ஃபர்சானா என்பவர் வந்திருந்தார். நன்றாக வாசிக்கிறார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பாட்டைத் தொடங்கக் குச்சிகளைத் தட்டிவிட்டு அழகேசன் ஒருதரம் மூக்கை உறிஞ்சுவானே, நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். ஃபர்சானா தட்டினார், நான் நுழையவில்லை. மறுபடி தட்டினார். பிறகு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வரலாம்ணே" என்றார்.

வெளியே வந்து நின்றோம். "நான் அவரு மாதிரி வாசிக்க மாட்டேன். அவரு மாதிரி வாசிச்சா உங்களுக்கு இன்னும் கஷ்டம்" என்றார். அதற்குப் பிறகு உள்ளே போய் இரண்டு பாட்டு முடித்தோம்.

மிச்சம் இருப்பது நான் எழுதி நீ பாடிய அந்த மழைப் பாட்டு. அதற்கு உன் குரல் வேண்டும். ஒரு வாரம் வந்துவிட்டுப் போயேன். உன் அறைக்குப் புது ஃபேன் போட்டிருக்கிறேன். சுவருக்கும் சாயம் அடித்தாகிவிட்டது. நீ ஓயாமல் குறை சொல்வாயே, அந்தச் சமையலறைக் குழாயையும் மாற்றிவிட்டேன்.

பிரபாகர்


அடிலெய்டு
21 மே 2024

அன்புள்ள பிரபாகருக்கு,

பாட்டுப் பதிவுக்குப் புது ஃபேன் எதற்கு? குழாய் எதற்கு? பாடத்தான் கூப்பிடுகிறீர்களா, வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்களா? எதுவானாலும் அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஒளிக்க மாட்டேன். டிக்கெட் பார்த்தேன், லீவும் வாங்கிவிட்டேன். அதன் பிறகுதான் யோசித்தேன்.

அந்த வீட்டில் நான் ஏதாவது கேட்டால் நீங்கள் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வீர்கள். நல்ல வாசிப்புதான். ஆனால் அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை. பிரிவு, ஏக்கம் என்று நீங்கள் எழுதியதையெல்லாம் நான்தான் பாடினேன். என்னிடம் நீங்கள் சொல்ல வேண்டியதை உங்களுக்கு நான் பாடிக் காட்டிக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் கைதட்டினார்கள். நாம் பேசாமல் வீட்டுக்குப் போனோம்.

இந்த முறை நீங்களே பாடுங்கள்.

வைதேகி


பிடோக்
9 ஜூன் 2024

அன்புள்ள வைதேகி,

வீட்டுக்குத்தான் கூப்பிட்டேன்.

பாடியும்விட்டேன். ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறேன், கேள். என் குரல் உனக்குத் தெரியும். ஃபர்சானா சிரிக்கவில்லை, அதுவே பெரிது. இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்துவிட்டது. ஒலிப்பதிவு செய்யும் ஸைஃப், "இன்னொரு டேக் போலாமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அழகேசனை நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். இருவரில் ஒருவரைத்தான் இனி நான் கூப்பிட முடியும்.

வந்துவிடு. பாட வேண்டாம்.

பிரபாகர்


அடிலெய்டு
30 ஜூன் 2024

அன்புள்ள பிரபாகருக்கு,

வேலைக்குப் போகும் வழியில் கேட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று வேலைக்குப் போகவில்லை.

வாங்கிய லீவை ரத்து செய்துவிட்டேன். கோபத்தில் இல்லை. 'வந்துவிடு' என்பது போல மனம் திறந்த ஒரு வார்த்தைக்காக நான் உங்கள் பக்கத்திலேயே காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவரைக்கும் அது வரவில்லை. இப்போது நான் வந்தால் முதல் வாரம் பேசுவீர்கள். அப்புறம், எதிரிலேயே இருக்கிறாளே, சொல்லாமலே தெரியும் என்று விட்டுவிடுவீர்கள். மறுபடியும் அந்த மௌனத்தில் உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

வர ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆசை இருக்கிறது. ஆனால் இப்படி எழுதுகிற ஒருவர் இந்த நான்கு மாதத்தில்தான் எனக்குக் கிடைத்திருக்கிறார். வந்து அவரை இழக்க மனம் வரவில்லை.

அதனால் எழுதுங்கள். பாட்டைப் பற்றி வேண்டாம், யார் மூலமாகவும் சொல்லி அனுப்ப வேண்டாம். உங்களைப் பற்றி எழுதுங்கள். இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.

உங்கள்
வைதேகி