பார்த்தாச்சு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஐந்து சங்கிலி ரம்பங்களுக்குக் கூர் போட்டேன். மூன்றாம் எண் ரம்பத்தில் பாதிப் பற்கள் மொட்டை. தரையில் கிடந்த மரத்தோடு மண்ணையும் சேர்த்து அறுத்திருக்கிறார்கள். கேட்டால் என் அரம் சரியில்லையாம். தூள் மாவு மாதிரி கொட்டினால் பல் மழுங்கிவிட்டது, உடனே நிறுத்து என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. காதடைப்பைக் கழற்றிய பிறகும் இவர்களுக்குக் காது கேட்பதில்லை.

நான்காம் எண்ணில் பிரேக் பட்டை தேய்ந்து காகிதமாகியிருக்கிறது. முன்பக்கக் காப்பைத் தள்ளியதும் சங்கிலி சட்டென்று நிற்க வேண்டும். இது சாவகாசமாகச் சுற்றிவிட்டு நிற்கிறது. புதுப் பட்டை வரப் பத்து நாளாகும். வழக்கம்போல் ‘பார்த்தாச்சு’ என்று அட்டை எழுதிக் கட்டினேன். ஒரே ரம்பத்தை இரண்டு தடவை கழற்றாமலிருக்க எனக்கு நானே வைத்துக்கொண்ட அடையாளம் அது. கீழே ‘பட்டை இல்லை’ என்றும் எழுத நினைத்தேன், அதற்குள் மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிட்டார்.

மதியம் தம்பி வந்து என் சாப்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போனான். மாநகராட்சியின் இந்த மரப் பிரிவில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். அதற்கு அக்கா கட்டும் வரி என்கிறான்.

மார்ச் 6, வியாழன்

நேற்று அடித்த காற்றில் தெருவுக்குத் தெரு மரம் சாய்ந்து கிடக்கிறது. நான் பெட்ரோலில் ஆயில் கலக்கப் பின்கட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ரம்ப அலமாரி காலி.

மார்ச் 7, வெள்ளி

தம்பிக்கு அடிபட்டுவிட்டது. இடது கை.

எழுத முடியவில்லை.

மார்ச் 8, சனி

கூட இருந்தவர்கள் சொன்னதை எழுதி வைக்கிறேன். ரம்பத்தின் நுனி இலைக்குள் மறைந்திருந்த ஒரு கிளையில் பட்டிருக்கிறது. ரம்பம் துள்ளி முகத்துக்கு நேராக வந்திருக்கிறது. முகத்தைத் திருப்பிக் கையைக் கொடுத்திருக்கிறான். பிரேக் பிடித்திருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும். பிடிக்கவில்லை.

நான்காம் எண். அவன் எடுத்துப்போனது நான்காம் எண்.

நரம்பு அறுந்திருக்கிறது, விரல்கள் மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணி, மெஷின் நல்லாத்தானே இருந்துச்சு?"

"பார்த்துதாம்மா வெச்சிருந்தேன்" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

மார்ச் 10, திங்கள்

ரம்பத்தை மேற்பார்வையாளர் தன் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அட்டையைக் காணோம்.

வெள்ளிக்கிழமை விசாரணை. ரம்பத்தில் கோளாறு என்றால் தம்பிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுப்பார்கள். அவன் கவனக்குறைவு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நுனியால் அறுத்தது அவன் தப்புதானே என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நுனியால் அறுக்கக் கூடாதுதான். ஆனால் அந்த மாதிரித் தப்புக்காகத்தானே பிரேக் என்று ஒன்று இருக்கிறது?

மார்ச் 13, வியாழன்

தம்பியை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று போனேன். மனைவி மருந்துக் கடைக்குப் போகும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னான்.

"அட்டையைத் தேடாதக்கா. உன் எழுத்துன்னு எல்லாருக்கும் தெரியும். மெஷினை எடுக்கறப்ப அவுத்து சட்டைப் பையில வெச்சிருந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே எடுத்து வெளிய போட்டுட்டேன்."

எடுக்கும்போது பிரேக்கைச் சோதிக்கவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மத்த மெஷின்னா சோதிப்பேன். அக்கா பார்த்தாச்சுன்னு எழுதியிருக்கா, அப்புறம் என்னத்தச் சோதிக்கிறது? பார்த்தாச்சுன்னா சரி பண்ணியாச்சுன்னுதானே?"

பார்த்தேன் என்று மட்டும்தான் அர்த்தம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது. கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு நீ ஒண்ணும் சொல்லாத. மெஷின்ல குறையில்லன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இந்தக் கையோட என் வேலை எப்படியும் போச்சு, உன்னுதும் போனா வீடு என்னாகிறது?"

இல்லை. நாளைக்குச் சொல்லத்தான் போகிறேன். அவன் என்ன சொன்னாலும் சரி.

மார்ச் 14, வெள்ளி

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார். "சம்பவத்துக்கு முன்னாடி அந்த மெஷினை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். அடுத்த கேள்வி வரும், அதில் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அடுத்த கேள்வி வரவில்லை. போகலாம் என்றார்கள். எழுந்தேன். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வந்தேன்.

கோழை. வேறென்ன எழுத.

மார்ச் 21, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. இயக்கியவரின் கவனக்குறைவு. நான்கே வரியில் தம்பியின் வேலை போய்விட்டது.

மார்ச் 27, வியாழன்

கட்டு பிரித்தார்கள். சுண்டுவிரல் மட்டும் லேசாக அசைகிறது.

ஏப்ரல் 2, புதன்

தாங்க முடியாமல் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டை, அட்டை, நான் எழுதாமல் விட்ட வரி எல்லாம். தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "ஏம்மா, உன் தம்பியே குறையில்லன்னு எழுதிக் குடுத்திருக்கான். இப்ப நீ மாத்திச் சொன்னா அவனுக்கு வேலை வராது. பொய் சொன்னான்னு பேர்தான் வரும். ஃபைலை மூடியாச்சு" என்றார். போய் வேலையைப் பார் என்றார். போய்ப் பார்த்தேன். இரண்டு சங்கிலிகளுக்குக் கூர் போட்டேன். வெட்கமில்லாமல் கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது.

ஏப்ரல் 5, சனி

தம்பி மனைவியிடமும் சொன்னேன். திட்டுவாள், திட்டினால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி. எல்லாத்தையும் சொன்னார். உங்களச் சொல்ல வேண்டாம்னுதான் சொன்னாராம். ஆனா நீங்க சொல்லிருவீங்கன்னு நம்பிட்டு இருந்தார். அன்னைக்கு முழுக்க வாசலையே பார்த்துட்டு உக்காந்திருந்தார்."

அன்று விசாரணை முடிந்து நான் நேராக என் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

போனேன். தம்பி தூங்குகிறான் என்றாள் அவன் மனைவி. உள்ளே அவன் இருமுவது கேட்டது.

ஏப்ரல் 19, சனி

இன்று கதவைத் திறந்தது தம்பியேதான். வலது கையால் தாழ்ப்பாளை நீக்கி, தோளால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. சவரம் செய்திருந்தான்.

"வாங்க" என்றான். "உக்காருங்க."

பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்று கூப்பிட்டவன். என்னடா புதுசா மரியாதை என்று சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. வெயில் அதிகமா என்று கேட்டான். வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டீ வந்தது, குடித்தேன். கிளம்பும்போது வாசல் வரை வந்து, பார்த்துப் போங்க என்றான்.