பிறைக்குப் பக்கத்தில் ஒட்டிய காகிதம்

மயிலாப்பூர்
11 ஜூன் 1948

அன்பு மகன் கரீமுல்லாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் உன் தங்கை ஷகீலாவும் அல்லாஹ்வின் அருளால் சுகம், கராச்சியில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் வந்தது. ஆபீஸைப் பற்றி எழுதியிருக்கிறாய், தங்கியிருக்கும் அறையைப் பற்றி எழுதியிருக்கிறாய், எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுதவில்லை. ஷகீலா அதைப் படித்துக் காட்டி முடித்ததும் உம்மா, இன்னொரு பக்கம் கீதான்னு பாரு, விட்டுட்டியான்னு பாரு என்றாள். இல்லை என்றதும் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். இங்கே வெயில் கொளுத்துகிறது. நம் மூக்குக்கண்ணாடிக் கடை எப்போதும்போல நடக்கிறது, ஆட்கள் வருகிறார்கள், ஆனால் பழகியவர்கள்கூட உன் பையன் அங்கேதான் இருக்கிறானா என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். வேலை கிடைத்த இடத்துக்குப் போனான், வந்துவிடுவான் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

உன் சிநேகிதன் வில்லியம் வாரம் தவறாமல் வருகிறான். சாந்தோம் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இன்னும் பாடம் சொல்கிறான். அவன் கதை எழுத நீ படம் போட்டாயே, அந்தப் பிள்ளைகள் புத்தகத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். தியாகராய நகர் பதிப்பாளர் அச்சுப் போட ஒப்புக்கொண்டிருந்தார். போன மாதம் வில்லியமைக் கூப்பிட்டு, படத்தில் பிறைக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தை எடுத்துவிட வேண்டும் என்றாராம். எனக்கு ஒண்ணும் இல்லை சார், ஆனா பாக்கறவா பாகிஸ்தான் கொடின்னு சொல்லுவா, படம் போட்டவர் எங்கே இருக்கார்னும் கேப்பா என்றாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்தான், பயந்துவிட்டார். பயப்படுகிற காலமாகவும் இருக்கிறது. பாகிஸ்தான் பிறக்கும் முன்பே, நீங்கள் இரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து, மேற்கே பார்த்துப் பார்த்து வரைந்த படம் அது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பதிப்பாளரின் ஆள் நீல வர்ணம் பூசிய சின்னக் காகிதத் துண்டு ஒன்றை நட்சத்திரத்தின் மேல் ஒட்டியே விட்டான். வில்லியம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்த நேரம் நம் வீட்டுக்கு வந்தான். உங்க மவன் போட்ட படம், நீங்க இன்னா சொல்றீங்களோ அதான் என்றான். ஷகீலாவுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் நம் பெயர் எந்த வம்பிலும் அடிபட வேண்டாம், ஒரு நட்சத்திரம்தானே, போகட்டும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் உம்மா படத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது, கதையும் தெரியாது. நீ பிறைக்கு வாய் வைத்து, அது பக்கத்தில் திரும்பிப் பேசுவதுபோலப் போட்டிருக்கிறாய் இல்லையா, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இது யார்கூடப் பேசிக்கினு கீது, பக்கத்துல யாருமே இல்லியே என்று கேட்டாள். வில்லியம் தலையைக் குனிந்துகொண்டான். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள், அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

வில்லியம் மறுநாளே பதிப்பாளரிடம் போய் எல்லாப் படங்களையும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். வெள்ளி நட்சத்திரம் இல்லாட்டி கதையே இல்லை வாப்பா, தனியா வர்ற பிறைக்கு அதுதானே முதல் சிநேகிதன், வேற யாராவது அச்சுப் போட்டா போடட்டும், இல்லாட்டி இப்படியே கிடக்கட்டும் என்றான். அவனுடைய முதல் புத்தகம், அதை அவன் எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்திருந்தான் என்பது உனக்குத் தெரியும். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்வானா என்று தெரியவில்லை. வந்த உடனே காகிதத்தைத் தண்ணீர் தொட்டு மெல்ல உரித்தான். பசை கெட்டியாகப் பிடித்திருந்ததால் நட்சத்திரத்தின் ஒரு ஓரம் அதோடு பிய்ந்து வந்துவிட்டது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, வாத்தியாரிடம் அடி வாங்கிய பையன்போல ஆகிவிட்டான்.

இனிமேல் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வரப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். வந்துவிட்டால், சொந்த வீட்டுக்கு வர நீ யாரிடமோ மனுப் போட்டு நிற்க வேண்டியிருக்கும். நல்ல சம்பளம், தெரியும். ஆனால் நான் பயப்படுகிறேன் கரீம். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு விளக்கடியில் வரையாதே. உம்மாவும் ஷகீலாவும் ஸலாம் சொல்கிறார்கள். அல்லாஹ் உன்னைக் காத்து, நல்லபடியாக எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும். பம்பாயில் இறங்கியதும் தந்தி கொடுக்க மறக்காதே.

கிழிந்த படத்தைத் தபாலில் கராச்சிக்கு அனுப்பினால் நீயே சரிசெய்து அனுப்பிவிடுவாய் என்று வில்லியம் உறையும் வாங்கி வந்தான். நான் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். இங்கே வந்து போடு.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஹனீஃபா