திரும்பும் ஓடத்துடன் விற்பனைக்கு

நாள் 1, 09:40
குடிலின் அழுத்தம் சரி. வெப்பம் 19 டிகிரி. காற்று வடிகட்டி பழையது, ஆனால் ஓடுகிறது. பதிவு செய்பவர்: இசக்கியம்மாள், பனி தோண்டும் பொறியாளர். இந்தச் சிறுகோளில் இருக்கும் ஒரே குடில் இது. இணைய ஏலத்தில் எடுத்தேன். எனக்குப் பின் இங்கே தங்க வருபவருக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

என்னை இறக்கிவிட்டுச் சரக்குக் கப்பல் கிளம்பிவிட்டது. அதில் ஒரே ஒரு இருக்கைதான். இதுவரை குடிலைக் காவல் காத்த மரியதாஸ் அதில் ஏறிப் போனார். பெட்டிகளை இறக்க உதவியவர், கிளம்பும்போது வானொலியில் "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். ஒரு பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். அதற்காக இருக்கும்.

நான் ஊர் திரும்புவதற்கான ஓடம் குடிலுக்குப் பின்னால் நிற்கிறது. விளம்பரப் படத்தில் இருந்த அதே நீலம்.

நாள் 3, 11:15
ஓடத்தைத் திறந்தேன். எஞ்சின் இல்லை. எரிபொருள் தொட்டி இல்லை. தகரக் கூடு, மேலே புது பெயின்ட். உள்ளே போய் இருக்கையில் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

நாள் 4, 08:05
ஏலத் தளத்தின் உதவி மையம்: "மேடம், நீங்க எங்க கணக்குல பணம் கட்டலயே. விற்கிறவருக்கு நேரா அனுப்பியிருக்கீங்க. இதுல நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

உண்மைதான். தளத்தின் வழியாகக் கட்டியிருந்தால், பொருள் சரி என்று நான் சொல்லும்வரை பணம் அவர்களிடமே இருந்திருக்கும். நேராகக் கட்டினால் தள்ளுபடி என்றான் விற்றவன். கட்டினேன்.

மீட்புத் துறை: அருகில் இருக்கும் மீட்புக் கப்பல் வந்து சேர ஆறு மாதம். சரக்குக் கப்பல் விற்றவனுடையது, அவன் சொன்னால்தான் வரும். வடிகட்டி இரண்டு மாதம் தாங்கும். மறுபடி கணக்குப் போட்டேன். இரண்டுதான்.

நாள் 5, 16:30
விற்றவன்: "பயப்படாதீங்க மேடம். குடிலை மறுபடி ஏலத்துல போட்டுட்டேன். அடுத்த ஆள் எடுத்தா மூணு வாரத்துல சரக்குக் கப்பல்ல வருவாரு, அதுல நீங்க ஏறிக்கலாம். கேக்குறவங்ககிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க, போதும். மரியதாசும் அப்படித்தான் சொன்னாரு."

வாங்குமுன் நான் படித்த பாராட்டு மரியதாஸ் எழுதியது. ஐந்து நட்சத்திரம். அவர் காவலர் இல்லை. எனக்கு முன் ஏமாந்தவர்.

நாள் 31
தலைவலி. வடிகட்டி கணக்குக்கு முன்பே தளர்கிறது.

ஒரு குரல் செய்தி. விற்றவன் என் முகவரியைக் கொடுத்திருக்கிறான்.

"அக்கா, நான் உசிலம்பட்டி வீரபத்திரன். அந்தக் குடிலை எடுக்கலாம்னு இருக்கேன். வீட்டை வித்தாச்சு. ஓடம் நல்லா ஓடுதாக்கா? உங்களைக் கேட்டுட்டுத்தான் பணம் கட்டணும்னு என் வீட்டுக்காரி பவளக்கொடி ஒத்தக்கால்ல நிக்கிறா."

"நல்லா ஓடுது தம்பி" என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. சாப்பிட்டேன். திரும்ப வந்து பார்த்தேன். அப்படியே இருந்தது.

நாள் 32
அழித்தேன். ஓடத்தில் எஞ்சின் இல்லை என்று உண்மையை எழுதினேன். அனுப்பினேன்.

மாலையில் பதில்: "நீங்க ஏலத்துல எங்களோட போட்டி போடுறவங்களாமே. விலையைக் குறைக்கத்தான் இப்படிச் சொல்றீங்கன்னு விக்கிறவர் சொல்றாரு."

கோபம் வந்தது. அவன் வரட்டுமே, என் இருக்கை வரும் என்றும் தோன்றியது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு அனுப்பினேன்: "என்னை நம்ப வேண்டாம் தம்பி. ஓடத்தைக் கிளப்பி, இன்னைக்குத் தேதியைச் சொல்லி, வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பணத்தைத் தளத்து வழியாத்தான் கட்டுவேன்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டா வாங்குங்க."

கடைசியில் 'நான் இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். தெரிந்தால் எனக்காகவே கிளம்பி வந்துவிடுவான். அந்தக் குரல் அப்படி.

நாள் 36
ஏலப் பக்கத்தைக் காணவில்லை. விற்றவன் பதில் தருவதில்லை. இனி சரக்குக் கப்பல் வராது.

வடிகட்டிக்கு மின்சாரம் மிச்சமாகட்டும் என்று இரண்டு விளக்குகளை அணைத்தேன்.

நாள் 40 அல்லது 41
பெண் குரல்.

"அக்கா, பவளக்கொடி பேசுறேன். நீங்க சொன்னபடி கேட்டோம், ஆளே ஓடிட்டான். புகார் குடுத்திருக்கோம். எங்க குடியைக் காப்பாத்திட்டீங்க. ஆமா, நீங்க ஊருக்குத் திரும்பி எவ்வளவு நாளாச்சு? எந்த ஊர்ல இருந்தாலும் ஒருநாள் வீட்டுக்கு வரணும். கறிக்குழம்பு வச்சுத் தாரேன்."

மூன்று முறை கேட்டேன். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

பதில் சொன்னேன். மூச்சு வாங்குவது கேட்கக்கூடாது என்று பிட்டுப் பிட்டாகப் பதிவு செய்தேன். "கண்டிப்பா வர்றேம்மா. காரம் கொஞ்சம் தூக்கலா வையி."

பதில் வர நாற்பது நிமிடம் ஆகும். கேட்க வேண்டும். கண் மூடக்கூடாது. கண்